தோத்தது எந்த டைசன்? வயசான ஹெவிவெயிட் பாக்ஸரை எடை போடுறது எப்படி

2024 நவம்பர்ல டெக்ஸாஸ்ல மைக் டைசனும் யூடியூப்ல பேரு வாங்கி பாக்ஸர் ஆன ஜேக் பாலும் மோதுன ஃபைட்டை நம்ம ஊர்லயும் நிறைய பேரு காலையிலேயே எந்திரிச்சு பாத்தாங்க. டைசனுக்கு 58 வயசு, பாலுக்கு 27. ரெண்டு ரெண்டு நிமிஷமா எட்டு ரவுண்டு, மூணு ஜட்ஜும் பாலுக்குத்தான் குடுத்தாங்க. முதல் ரெண்டு ரவுண்டு தாண்டுனதும் டைசன் கையை நீட்டவே யோசிக்கிற மாதிரி ஆயிட்டாரு. முடிஞ்ச நிமிஷத்துல இருந்து ரெண்டு கட்சி. ஒருத்தன் "இவரைப் பாத்தா உலகம் நடுங்குச்சு, எல்லாம் வெறும் பில்டப்பு"ங்கிறான், இன்னொருத்தன் "தலைவர் பிரைம்ல இருந்திருந்தா முப்பது செகண்டுல முடிஞ்சிருக்கும்"ங்கிறான். எங்க ஃப்ரெண்ட்ஸ் நடுவுல ஒரு வாரம் இதே பேச்சுதான், ஆனா அன்னைக்கு ரிங்குல நின்ன மனுஷன்கிட்ட என்ன மிச்சம் இருந்துச்சு, என்ன போயிருச்சுனு ஒருத்தர்கூட கேக்கல.

அந்தக் கேள்வியைத்தான் இங்க பொறுமையா பாக்கப் போறோம். பாக்ஸிங் பாக்காதவங்களுக்கும் புரியணும்னு எழுதுறேன், ஏற்கனவே தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

டெய்லர் கடையில இருந்து ஆரம்பிப்போம்

எங்க தெருமுனையில ஒரு டெய்லர் இருந்தாரு, அறுபது தாண்டுனவரு. துணியை ஒரு தடவை கையில எடுத்துப் பாத்தாலே எவ்வளவு சுருங்கும், எங்க பத்தாதுனு சொல்லிருவாரு. கத்திரி ஓடுனா ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி இருக்கும். ஆனா ஊசியில நூல் கோக்க மட்டும் பக்கத்து கடைப் பையனைக் கூப்பிடணும், சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்சதுக்கு அப்புறம் கருப்புத் துணியை தொடவே மாட்டாரு. இப்ப அவரு நல்ல டெய்லரா இல்லையானு கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க? பகல்ல வெள்ளைச் சட்டை குடுத்தா ஊர்லயே அவரை மிஞ்ச ஆள் இல்ல, ராத்திரி ஏழு மணிக்கு கருப்பு பேண்ட் குடுத்தா நேத்து வேலைக்குச் சேந்த பையன் பரவால்லனு தோணும்.

வயசான பாக்ஸரும் இப்படித்தான். ஒரு மனுஷனோட திறமைங்கிறது ஒரே பொருள் இல்ல, பல பொருள் சேந்த மூட்டை, அதுல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல தேயும். எல்லாமே ஒண்ணா உச்சத்துல நிக்கிற அந்த சில வருஷத்தைத்தான் பிரைம்னு சொல்றோம். ஹெவிவெயிட்டுக்கு அது பெரும்பாலும் இருபதுகளோட கடைசியும் முப்பதோட தொடக்கமும். டைசன் விதிவிலக்கு, 1986ல 20 வயசுலயே சாம்பியன் ஆனவரு, அவரோட உச்சம் அடுத்த ரெண்டு மூணு வருஷத்துலயே வந்துருச்சுனுதான் பெரும்பாலானவங்க சொல்லுவாங்க.

முதல்ல போறது காலு

மூஞ்சியில வர்ற குத்தைப் பாத்து விலகுறாங்கனு நாம நினைக்கிறோம், அது முழுசா உண்மை இல்ல. ஒரு லைட் எரிஞ்சதும் பட்டனை அமுக்குங்கனு சொன்னாலே நமக்கு கிட்டத்தட்ட கால் செகண்ட் ஆயிரும். நல்ல ஜாப் அதுக்குள்ள மூஞ்சிக்கு வந்து சேந்துரும் (முன்னாடி இருக்கிற கையால நேரா சட்டுனு குத்தி உடனே இழுத்துக்கிறதுதான் ஜாப்). அப்ப எப்படி தப்பிக்கிறாங்க? எதிராளி தோள் லேசா அசையுறது, எடை ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாறுறது, இதை வெச்சு குத்து வர்றதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டுர்றாங்க. அந்தக் கணக்கு அனுபவத்துல வர்றது, வயசானா கூடத்தான் செய்யும். ஆனா கணக்குப் போட்டதுக்கு அப்புறம் உடம்பு நகரணுமே.

இருபத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டுன டிரைவரை யோசிச்சுப் பாருங்க. ரோட்டோரமா நிக்கிற நாய் குறுக்க ஓடும்னு புதுசா லைசென்ஸ் எடுத்தவனை விட முன்னாடியே அவருக்குத் தெரியும், ஆனா பிரேக்குக்கு கால் போறது ஒரு நொடி தாமதமாகும். பாக்ஸிங்ல அந்த ஒரு நொடியெல்லாம் கிடைக்காது, அதுல பத்துல ஒரு பங்கு தாமதமானாலே குத்து விழுந்துரும்.

இதுக்கு உடம்புக்குள்ள காரணம் இருக்கு. தசையில மெதுவா ரொம்ப நேரம் உழைக்கிற நாரும் இருக்கு, சட்டுனு வெடிக்கிற வேக நாரும் இருக்கு. வயசாக ஆக இந்த வேக நாருங்கதான் முதல்ல குறையுது, சுருங்குது. அதனால எவ்வளவு எடை தூக்க முடியும்ங்கிற பலம் மெதுவாத்தான் இறங்கும், எவ்வளவு சீக்கிரம் நகர முடியும்ங்கிறது அதைவிட முன்னாடியே இறங்கிரும். மூச்சும் அப்படித்தான், ஒரு ரவுண்டு முழு வேகத்துல ஆடிட்டு அந்த ஒரு நிமிஷ இடைவேளையில திரும்ப பழையபடி ஆகுறது ஒவ்வொரு வருஷமும் கஷ்டமாகும். டைசன் முதல் ரவுண்டுல டைசன் மாதிரி தெரிஞ்சு மூணாவது ரவுண்டுல தெரியாமப் போனதுக்கு இதுதான் காரணம்.

இதுவரைக்கும் பாத்தது இதுதான்: புத்தி மிச்சம் இருக்கும், பலமும் ஓரளவு மிச்சம் இருக்கும், காலும் வேகமும் மூச்சும் போயிரும். அதனால காலை நம்பி ஆடுனவரு சீக்கிரம் சரிவாரு, பலத்தையும் கணக்கையும் நம்பி ஆடுனவரு ரொம்ப நாள் நிப்பாரு.

கடைசி வரைக்கும் நிக்கிறது: ஃபோர்மேன் கதை

இதுக்கு ஜார்ஜ் ஃபோர்மேனை விட நல்ல உதாரணம் கிடையாது. 1974ல கின்ஷாஸால முகமது அலிகிட்ட எட்டாவது ரவுண்டுல நாக்அவுட் ஆகி பட்டத்தை இழந்தாரு. 1977ல ரிங்கை விட்டுட்டு மதபோதகர் ஆயிட்டாரு. பத்து வருஷம் கழிச்சு 1987ல திரும்பி வந்தாரு, தொப்பையோட, மொட்டைத் தலையோட. பாத்தவங்க சிரிச்சாங்க.

1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ். எதிர்ல மைக்கேல் மூரர், வயசு 26, 35 ஃபைட்டுல ஒண்ணுகூட தோக்காத சாம்பியன். ஃபோர்மேனுக்கு 45 வயசு, எடை 250 பவுண்டு, அதாவது 113 கிலோ. இருபது வருஷத்துக்கு முன்னாடி அலிகிட்ட தோத்தப்போ போட்டிருந்த அதே சிவப்பு ட்ரங்க்ஸ். ஒன்பது ரவுண்டு வரைக்கும் மூரர்தான் மூணு ஜட்ஜ் கார்டுலயும் முன்னாடி, ஃபோர்மேனால அவரைத் துரத்தவே முடியல, காலை இழுத்து இழுத்து வெச்சுத்தான் நடந்தாரு.

அந்த பத்தாவது ரவுண்டை மெதுவா ஓடவிட்டுப் பாருங்க. ஃபோர்மேன் வேகமா எதுவுமே பண்ணல. ஜாப், வலது. திரும்ப ஜாப், வலது. ஒவ்வொண்ணும் தபால்காரர் கதவு தட்டுற மாதிரி நிதானம். மூரரை நகரச் சொல்லி அவரு கார்னர் (ரிங் மூலையில நிக்கிற அவரோட ட்ரெய்னர் ஆளுங்க) கத்திக்கிட்டே இருக்கு, அவரு நகராம நேரா நிக்கிறாரு. ஒரு குட்டையான வலது கைக் குத்து, ஒரு அடி தூரம்கூட பயணம் பண்ணியிருக்காது, தாடையில விழுது. மூரர் மல்லாக்க விழுந்துர்றாரு. ஃபோர்மேன் கார்னருக்குப் போய் முட்டி போட்டு ஜெபம் பண்றாரு. எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அந்த இடத்துல கண்ணு கலங்கும்.

இப்ப இதுல இருந்து என்ன முடிவுக்கு வரலாம்? 45 வயசு ஃபோர்மேன் எவனை வேணா அடிப்பாருனா? அதுக்கு முந்தின வருஷம்தான் டாமி மாரிசன் சுத்தி சுத்தி ஓடி ஆடி 12 ரவுண்டுல பாயிண்ட்ஸ்ல ஜெயிச்சிருந்தாரு. ஓடுற ஆளைப் பிடிக்க ஃபோர்மேனுக்கு கால் இல்ல, முன்னாடி நிக்கிற ஆளை சாய்க்க கை இருந்துச்சு, அவ்வளவுதான் விஷயம். டெய்லருக்கு பகல் வெளிச்சமும் வெள்ளைத் துணியும் கிடைச்ச மாதிரி மூரர் கிடைச்சாரு.

இன்னொண்ணு, இது நிறைய பேரு கவனிக்காதது. சில விஷயத்துல வயசான ஃபோர்மேன் இளம் ஃபோர்மேனை விட நல்ல பாக்ஸர். 25 வயசுல கோவமா கண்டபடி வீசி எட்டு ரவுண்டுக்குள்ள தானே காத்து போயி நின்னவரு, 42 வயசுல 1991ல அப்ப சாம்பியனா இருந்த ஹோலிஃபீல்டு கூட 12 ரவுண்டும் முழுசா நின்னாரு, இடைவேளையில ஸ்டூல்ல உக்காரக்கூட மாட்டாரு, நின்னுக்கிட்டேதான் இருப்பாரு. எங்க சக்தியை செலவழிக்கணும், எங்க சேமிக்கணும்னு கத்துக்கிட்டிருந்தாரு. அதனால பிரைம் முடிஞ்சுருச்சுனா எல்லாமே இறங்குமுகம்னு நினைக்கிறதும் தப்பு.

வெளிய தெரியாம தேயுறது

கால் போனா நமக்கே தெரியும். தெரியாம போற ஒண்ணு இருக்கு, அதை பாக்ஸிங்ல சின்னுனு சொல்லுவாங்க. அது தாடை எலும்பு இல்ல, குத்து வாங்கிட்டு நிக்கிற சக்தி. மண்டை ஓட்டுக்குள்ள மூளை ஒரு திரவத்துல மிதக்குது, குத்து விழும்போது தலை சட்டுனு திரும்ப உள்ள மூளை குலுங்குது. இது ஃபைட்டுல மட்டும் நடக்கிறது இல்ல, தினமும் ட்ரெய்னிங்ல ஸ்பாரிங் (பயிற்சிக்காக ஒருத்தரோட மோதிப் பாக்குறது) பண்றப்பவும் நடக்குது, அந்தக் கணக்கை எந்த ரெக்கார்டு புத்தகமும் எழுதி வெக்காது. அதனால பாக்ஸருக்கு வயசை மட்டும் பாக்கக்கூடாது, எத்தனை கிலோமீட்டர் ஓடுன வண்டிங்கிறதையும் பாக்கணும்.

இங்கதான் அலி வர்றாரு. அலி ராணுவத்துல சேர மறுத்ததால 1967ல இருந்து 1970 வரைக்கும் மூணரை வருஷம் ஆட விடல. போறதுக்கு முன்னாடி இருந்த அலியை யாராலயும் சரியாத் தொடவே முடியாது, கால் அப்படி. திரும்பி வந்த அலிக்கு பழைய கால் இல்ல, ஆனா தன்னால எவ்வளவு வேணா அடி வாங்கித் தாங்க முடியும்னு கண்டுபிடிச்சாரு. அந்தக் கண்டுபிடிப்பாலதான் ஃபோர்மேனை ஜெயிச்சாரு, கயித்துல சாஞ்சு அடி வாங்கி அவரை சோர்வாக்கி. அதுக்கு அப்புறம் 1975ல மணிலால ஃப்ரேசியர் கூட 14 ரவுண்டு, 1977ல எர்னி ஷேவர்ஸ் கூட 15 ரவுண்டு. ஜெயிச்ச ஃபைட்டுங்கதான் எல்லாம், ஆனா ஒவ்வொரு வெற்றிக்கும் உள்ளுக்குள்ள ஒரு பில் ஏறிக்கிட்டே இருந்துச்சு.

1980 தொடக்கத்துல அலி மெட்ராஸுக்கு வந்தாரு. நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட காட்சிப் போட்டி ஆடுனாரு, எம்.ஜி.ஆர் கூட மேடையில நின்னாரு. எங்க பெரியப்பா அன்னைக்கு கூட்டத்துல நின்னவரு, "தேர் மாதிரி இருந்தார்டா"னு இன்னைக்கும் சொல்லுவாரு. அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி, 38 வயசுல, ரெண்டு வருஷம் ஃபைட்டே இல்லாம, லாஸ் வேகஸ்ல அப்ப சாம்பியனா இருந்த லேரி ஹோம்ஸ் கூட மோதுனாரு. எடையைக் குறைச்சு, நரையை மறைச்சு, ஆளு பாக்க பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருந்தாரு, அவரு ஜெயிச்சுருவாருனு நம்புனவங்க நிறைய. ஆனா ஃபைட்டுக்கு முன்னாடி மேயோ கிளினிக்ல செக்கப் பண்ணப்போ ஒத்தைக் கால்ல எதிர்பார்த்த அளவுக்கு நொண்டி அடிக்க முடியலனு ரிப்போர்ட்ல இருந்துச்சு. அதுவும் போக தைராய்டு மாத்திரை வேற சாப்பிட்டு அதுலயும் சத்து இறங்கிப் போயிருந்தாரு. பத்து ரவுண்டு நடந்துச்சு, பத்தையும் மூணு ஜட்ஜும் ஹோம்ஸுக்கே குடுத்தாங்க. பத்து முடிஞ்சதும் ட்ரெய்னர் ஏஞ்சலோ டண்டி போதும்னு நிறுத்திட்டாரு.

சுருக்கமா: வயிறு ஒட்டி, தோள் மின்னி, ஆள் பளபளனு இருக்கிறது பிரைமுக்கு அடையாளம் இல்ல. தொப்பையோட வந்த ஃபோர்மேன்கிட்ட தேவையானது இருந்துச்சு, செதுக்குன சிலை மாதிரி வந்த அலிகிட்ட இல்ல.

வயசா, துருவா?

இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுதான் அதிகமா நடக்குற தப்பு. ரொம்ப நாள் ஆடாம இருந்தா தூரக் கணக்கும் டைமிங்கும் மழுங்கும், அதை ரிங் ரஸ்ட்னு சொல்லுவாங்க, துரு. துருவைத் தேய்ச்சா போயிரும், வயசைத் தேய்க்க முடியாது.

அதே லேரி ஹோம்ஸை எடுத்துக்கோங்க. 1988 ஜனவரியில டைசன் அவரை நாலாவது ரவுண்டுல மூணு தடவை கீழ தள்ளி முடிச்சாரு. ஹோம்ஸுக்கு அப்ப 38, கிட்டத்தட்ட ரெண்டு வருஷமா ஆடவே இல்ல. ஹோம்ஸ் கதை முடிஞ்சுதுனு எல்லாரும் எழுதிட்டாங்க. ஆனா நாலு வருஷம் கழிச்சு, 42 வயசுல, ஒலிம்பிக் தங்கம் வாங்குன, தோல்வியே பாக்காத ரே மெர்சரை 12 ரவுண்டு ஜாபாலயே பாடம் நடத்தி ஜெயிச்சாரு. 38ல முடிஞ்ச ஆளு 42ல எப்படி எந்திரிச்சாரு? 1991லயே திரும்ப வந்து வரிசையா சின்னச் சின்ன ஃபைட்டு ஆடி துருவைத் தேய்ச்சிருந்தாரு, அதுவும் போக மெர்சர் டைசன் மாதிரி பாய்ஞ்சு வர்ற ஆள் இல்ல, நடந்து வர்ற ஆளு. மொத்தம் 75 ஃபைட்டுல ஹோம்ஸை நிறுத்த முடிஞ்சது டைசன் ஒருத்தராலதான். அதனால அந்த 1988 ராத்திரி டைசன் எவ்வளவு வேகம்ங்கிறதுக்கு ஒரு நல்ல சாட்சி, ஹோம்ஸ் எவ்வளவு பெரிய ஆளுங்கிறதுக்கு அது சாட்சியே இல்ல.

சங்கிலிக் கணக்கு ஏன் உதவாது

"அவரு இவரை அடிச்சாரு, இவரு அவரை அடிச்சாரு, அப்ப அவருதான் பெரிய ஆளு"னு ஒரு கணக்கு எல்லா விவாதத்துலயும் வரும். இதைப் போட்டுப் பாப்போம். ஹோம்ஸ் அலியை ஜெயிச்சாரு, 1980. டைசன் ஹோம்ஸை ஜெயிச்சாரு, 1988. பஸ்டர் டக்ளஸ் டைசனை டோக்கியோல சாய்ச்சாரு, 1990 பிப்ரவரி. அதே வருஷம் அக்டோபர்ல ஹோலிஃபீல்டு டக்ளஸை மூணே ரவுண்டுல முடிச்சாரு. 1994 ஏப்ரல்ல மூரர் ஹோலிஃபீல்டை ஜெயிச்சாரு, நவம்பர்ல ஃபோர்மேன் மூரரை ஜெயிச்சாரு. ஃபோர்மேனை ஜெயிச்சது யாரு? 1974ல, அலி. சுத்திச் சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டோம். ஒவ்வொரு வெற்றியும் நிஜம், ஒவ்வொண்ணுலயும் ஜெயிச்சவரு நியாயமாத்தான் ஜெயிச்சாரு, ஆனா ஒரே பேருல வேற வேற ஆளுங்க அந்தச் சங்கிலியில நிக்கிறாங்க. 1974 அலியும் 1980 அலியும் பேரு மட்டும்தான் ஒண்ணு.

ஜெயிச்சவருக்கு எவ்வளவு மார்க்?

தோத்தவரை எடை போடுற அதே தராசுலதான் ஜெயிச்சவரையும் வெக்கணும். 1951ல ராக்கி மார்சியானோ, ஜோ லூயிஸை எட்டாவது ரவுண்டுல கயித்துக்கு வெளிய விழ வெச்சாரு. லூயிஸ் கிட்டத்தட்ட பன்னெண்டு வருஷம் சாம்பியனா இருந்து 25 தடவை பட்டத்தைக் காப்பாத்துனவரு, ஆனா அன்னைக்கு 37 வயசு, வரிக் கடனை அடைக்கத்தான் ரிங்குக்கே திரும்பி வந்தாரு. மார்சியானோவுக்கு அது பெரிய பேரு வாங்கிக் குடுத்த ஃபைட்டு, ஆனா பழைய லூயிஸை ஜெயிச்ச மார்க்கை அதுக்குப் போட முடியாது.

அலியோட உச்சம்னு எல்லாரும் காட்டுற ஃபைட்டு 1966 நவம்பர்ல ஹூஸ்டன்ல கிளீவ்லாண்ட் வில்லியம்ஸ் கூட நடந்தது. வில்லியம்ஸ் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போலீஸ்காரர் சுட்டதுல ஒரு கிட்னி போயி பல ஆபரேஷன் ஆகி பிழைச்சு வந்தவரு. அதனால அலி அவரை ஜெயிச்சதுக்கு அதிக மார்க் போட மாட்டேன், ஆனா அலி அன்னைக்கு எப்படி ஆடுனாருங்கிறதுக்கு முழு மார்க். இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்ச மாதிரி. எதிராளி பலவீனமா இருந்தா வெற்றி சுலபமாகும், ஆனா எதிராளி பலவீனத்தால நம்ம கால் வேகமா ஆயிராது.

அடுத்த தடவை என்ன பாக்கலாம்

வயசான ஒருத்தர் ஃபைட்டைப் பாக்கும்போது ஸ்கோரை கொஞ்ச நேரம் மறந்துட்டு அவரு உடம்பை மட்டும் பாருங்க. குத்துன கை எவ்வளவு சீக்கிரம் தாடைக்குத் திரும்புது, போன வேகத்துல வருதா, பாதியில தொங்குதா. குத்து தவறுனா பேலன்ஸ் இருக்கா, இல்ல தள்ளாடி எதிராளியைக் கட்டிப் பிடிக்கிறாரா, அப்படிப் பிடிச்சு மூச்சு வாங்குறதுக்குப் பேருதான் கிளிஞ்ச். ஒரு குத்து விட்டுட்டு நிறுத்துறாரா, இல்ல மூணு நாலு தொடர்ந்து வருதா. நாலாவது ரவுண்டுல கால் முதல் ரவுண்டு மாதிரி இருக்கா. அப்புறம், அவருக்கு எந்த மாதிரி ஆளைத் தேர்ந்தெடுத்திருக்காங்கனு பாருங்க, நிக்கிற ஆளா ஓடுற ஆளா.

போன மாசம் அந்த அலி-ஹோம்ஸ் ஃபைட்டை பெரியப்பாவோட உக்காந்து பாத்தேன், அவரு அதை அதுவரைக்கும் பாத்ததே இல்லையாம். ரெண்டாவது ரவுண்டுல அலி ஒரு ஜாபைப் பாத்துட்டாரு, தலை நகர ஆரம்பிக்குது, நகர்ந்து முடியுறதுக்குள்ள குத்து விழுது. பெரியப்பா "வர்றது தெரியுதுடா அவருக்கு"னாரு. நாலாவது ரவுண்டுல நிறுத்தச் சொல்லிட்டாரு. நான் 1966 ஃபைட்டைப் போட்டேன், சத்தத்தைக் குறைச்சுட்டு காலை மட்டும் பாருங்க பெரியப்பானு சொன்னேன். மூணு ரவுண்டும் முடியுற வரைக்கும் அவரு ஒரு வார்த்தை பேசல, கீழ தரையில அவரு குதிகால் மட்டும் லேசா தூக்கித் தூக்கி இறங்கிக்கிட்டு இருந்துச்சு.